விலை கூடிய ஸ்பீக்கர் வயர் போட்டால் வீட்டில் பாட்டுத் தெளிவாகக் கேட்குமா? வாங்கிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வாங்கிப் பார்த்தவன் நான். 2018இல் கொழும்பில் ஒரு கடையில் 38,000 ரூபா கொடுத்து ஒரு சோடி ஸ்பீக்கர் கேபிள் வாங்கினேன். மட்டக்களப்பில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். கம்பியின் தடை அதன் நீளத்துக்கு நேர்விகிதம், குறுக்குவெட்டுப் பரப்புக்கு நேர்மாறு விகிதம் என்று இருபது வருடத்துக்கு மேலாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். அப்படியிருந்தும் வாங்கினேன். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கண்டதும் கடந்து போக மனம் வரவில்லை.

உங்கள் அம்ப்ளிபயர் எது, அறை எவ்வளவு பெரியது என்று நீங்கள் எழுதவில்லை. என் ஊகம் இதுதான்: ஆசையாய் ஒரு பாட்டுச் செற் எடுத்திருக்கிறீர்கள், எதிர்பார்த்த சத்தம் வரவில்லை, யாரோ "வயர மாத்திப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். ஜப்பானில் பாவித்த சாமானாக இருந்தால் வயரை விட்டுவிட்டு முதலில் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே வீட்டுக் கரண்ட் 100 வோல்ற், எங்களுக்கு 230. இடையில் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் செருகினால் அன்றோடு முடிந்தது.

இனி என் கதை. வீடு கல்லடியில், கடலுக்கு நடந்துபோகிற தூரம். முன் அறையில் செற்றை வைத்துப் பாட்டுப் போட்டால் பேஸே இல்லை, அடித்தொனி ஒன்றும் வரவில்லை. பாடுகிறவரின் குரல் எங்கிருந்து வருகிறது என்று பிடிக்க முடியாமல் அறை முழுக்கப் பரவிக் கிடந்தது. கடைக்காரர் அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினார், நானும் அந்தக் கேபிளோடு ஊருக்கு பஸ் ஏறினேன். அன்று பின்னேரமே மாட்டினேன். பேஸ் வந்தது. குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் வந்து நின்றது. குசினியில் நின்ற மனைவியே எட்டிப் பார்த்து "என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். ஆகவே "வித்தியாசம் கேட்டது" என்று எழுதுகிறவர்களைப் பொய்யர் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கும் கேட்டது. பாடசாலையில் ஆசிரியர் அறையில் இதைச் சொல்லி இரண்டு பேரை வாங்கவும் தூண்டினேன். அது இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது.

மூன்று மாதம் கழித்து மகள்தான் கேட்டாள்: "அப்பா, நீங்க அங்கால திரும்பி இரிங்க. நான் பழசையும் புதுசையும் மாத்தி மாத்திப் போடுறன். எது எண்டு எழுதுங்க." சரி என்று பழைய வயரை எடுத்து, நுனிகளை வெட்டிப் புதிதாய்ச் சீவிக் கொடுத்தேன். ஒரே பாட்டு, ஒரே சத்த அளவு, இருபது தரம். எது போடுவது என்பதை அவள் காசு சுண்டித் தீர்மானித்தாள். பதினொன்று சரி, ஒன்பது பிழை. கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தாலும் பத்துக்கு அண்மையில் வந்திருக்கும்.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறு. பழைய வயரிலும் பேஸ் வந்தது. அப்படியானால் முன்பு ஏன் வரவில்லை? வெட்டிப் போட்ட நுனிகளைக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். செம்பு பச்சை பிடித்துப் பொருபொருத்துக் கிடந்தது. உப்புக்காற்று. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, யன்னல் பிணைச்சலையே தின்கிற காற்று அது. மற்றது, பழைய வயரின் இரண்டு இழையும் ஒரே நிறம். ஒரு ஸ்பீக்கருக்குச் சிவப்பையும் கறுப்பையும் நான் மாறிக் கொடுத்திருக்க வேண்டும். சந்தேகத்தைத் தீர்க்க வேண்டுமென்றே ஒரு பக்கத்தை மாற்றி மாட்டினேன். பேஸ் போய்விட்டது. ஒரு ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்தால், தாழ்ந்த அதிர்வெண் அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். இதை நான் வகுப்பில் தலையீடு என்று படிப்பிக்கிறேன். புதுக் கேபிளில் சிவப்புக் கோடு தெளிவாக இருந்தபடியால் அன்று சரியாக மாட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். வயர் மாற்றி நன்மை கண்டவர்களில் பலருக்கு இப்படித்தான் நடந்திருக்கும் என்பது என் எண்ணம். மாற்றும்போது பழைய பிணைப்பு கழன்று, ஊத்தை போய், இறுகலாய் மாட்டுப்படுகிறது. பெயர் கேபிளுக்குப் போகிறது.

கணக்கையும் சொல்கிறேன். அம்ப்ளிபயரிலிருந்து ஸ்பீக்கருக்கு 5 மீற்றர் என்றால் போய்வர 10 மீற்றர் செம்பு. ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கிற 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் அதன் தடை 0.07 ஓம் அளவில் வரும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சத்தத்தை அளக்கிற டெசிபெல்லிலும் 0.07தான் குறையும். ஒரு டெசிபெல் மாறினாலே பலருக்குப் பிடிபடாது. செற்றோடு இலவசமாகத் தருகிற 0.5 சதுர மில்லிமீற்றர் நூல் வயரை அதே தூரத்துக்கு இழுத்தால் 0.34 ஓம். உங்கள் ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் அது எட்டு வீதத்துக்கு மேல், அங்கே மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. அதற்கும் தடித்த வயர்தான் தேவை. வெள்ளிக் கம்பி செம்பைவிட ஐந்தாறு வீதம்தான் நன்றாகக் கடத்தும், வயரைக் கொஞ்சம் தடிப்பாய் எடுத்தாலே அது சரிக்கட்டுப்படும்.

"உங்கட செற் மலிவு, அதான் வித்தியாசம் தெரியல்ல" என்று ஒருவர் எழுதுவார் என்று தெரியும். இருக்கலாம், என்னுடையது பெரிய விலைச் செற் இல்லை. காதும் ஐம்பதைத் தாண்டிய காது. ஆனால் கேள்வி கேட்டவரிடமும் இலட்சக்கணக்கில் சாமான் இருக்கும் என்று எனக்குப் படவில்லை. எல்லா வயரும் ஒன்று என்றும் நான் சொல்லவில்லை. செம்பு பூசிய அலுமினிய வயரைச் செம்பு என்று விற்கிறார்கள். கையில் எடுத்தாலே பாரமில்லாமல் இருக்கும், பிளேட்டால் ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாய்த் தெரியும். அதை வாங்க வேண்டாம். கசெற் போடுகிற ரேப் டெக்கிலிருந்து அம்ப்ளிபயருக்குப் போகிற ஆர்சிஏ வயர் வேறு விசயம். அதில் ஓடுவது மெல்லிய சமிக்ஞை, வெளியே வலைபோல் சுற்றிய காப்பு நன்றாக இல்லாவிட்டால் பக்கத்துக் கரண்ட் வயரின் 50 ஹேர்ட்ஸ் உறுமல் ஏறிவிடும். அதன் முனைகளுக்குத் தங்க முலாம் இருந்தால் எங்கள் உப்புக்காற்றுக்கு நல்லதுதான், தங்கம் களிம்பு பிடிக்காது. அதுவும் மலிவு விலையிலேயே கிடைக்கிறது. டீவிக்குப் போகிற எச்டிஎம்ஐ கேபிளில் படமும் சத்தமும் எண்களாகப் போகின்றன. பழுது என்றால் படத்தில் புள்ளி பறக்கும், சத்தம் விட்டுவிட்டு வரும். விலை கூடியதைப் போட்டுக் குரலை இனிமையாக்க அதில் இடமில்லை.

அறையையும் பாருங்கள். டைல்ஸ் நிலமும் வெறும் சுவருமாக இருந்தால் எந்தச் செற்றும் கத்தும். இரண்டு பன்பாயை விரித்து, யன்னலுக்குத் தடித்த சீலை போட்டு, ஸ்பீக்கரைச் சுவர் மூலையிலிருந்து இரண்டடி வெளியே எடுத்தேன். 38,000 ரூபா கேபிள் செய்யாததை அது செய்தது.

இவ்வளவு அலைந்தது பாட்டுக் கேட்கவென்று மட்டும் இல்லை. அப்பா அண்ணாவியார், கூத்துப் பழக்குகிறவர். 1984இல் வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம், அவர் பழக்கிய வடமோடிக் கூத்து ஒன்று விடியவிடிய ஆடினார்கள். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. இரவல் வாங்கிய பற்றரி ரேப் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கூத்தாடுகிற களரிக்குப் பக்கத்தில் இருந்து மூன்று 90 நிமிடக் கசெற்றில் பதிந்தேன். அப்பா 1996இல் தவறிவிட்டார். 2004 சுனாமியில் கல்லடி வீட்டில் இருந்த படங்கள், கூத்துக் கொப்பிகள், அவருடைய மத்தளம் எல்லாம் போய்விட்டன. கசெற்றுகள் பெரியம்மா வீட்டில் படுவான்கரையில் இருந்தபடியால் தப்பின. அவருடைய குரல் என்று எங்களிடம் வேறொன்றும் இல்லை.

அதில் ஒரு கசெற்றைக் கேட்கத்தான் ஜப்பான் ரேப் டெக் ஒன்று வாங்கி, பிறகு அந்தக் கேபிளையும் வாங்கினேன். பேஸ் சரியான பிறகும் கசெற் மட்டும் போர்வைக்குள் இருந்து கேட்பதுபோலவே கேட்டது. மத்தளத்தின் இடந்தலை திம் திம் என்று வந்தது. வலந்தலையின் வெட்டு இல்லை. தாளம் போடுகிற சல்லரி இல்லை. ஆட்டக்காரரின் சதங்கை ஒரு துளியும் இல்லை. பழைய நாடா, இவ்வளவுதான் மிச்சம் என்று கைவிட்டிருந்தேன்.

காத்தான்குடியில் வீட்டோடு சின்னக் கடை வைத்து ரேடியோ திருத்துகிற ஒரு நானா (முஸ்லிம் அண்ணர்) இருக்கிறார். வேறு ஒருவர் சொல்லி, டெக்கையும் கசெற்றையும் தூக்கிக்கொண்டு போனேன். கேபிள் கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கேட்டார். "சேர், வயர்ல ஒரு குறையும் இல்ல. இதப் பதிஞ்ச ரேப்புட ஹெட் கொஞ்சம் சரிஞ்சி இரிந்திரிக்கி. உங்கட ஹெட் நேரா இரிக்கி. ரெண்டும் ஒத்துப்போகல்ல." ஹெட் என்பது நாடா உரசிப் போகிற சின்னத் துண்டு, பதிவதும் ஒலியை எடுப்பதும் அதுதான். பஞ்சில் ஸ்பிரிற் தொட்டு அதைத் துடைத்தார், மண்ணிறமாய் வந்தது. ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்குரூ. அது முன்பு நின்ற இடத்துக்கு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தார், பிறகு திருப்பி வைக்க. கசெற் ஓட ஓட, காதை ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொண்டு, மெல்லத் திருப்பினார். கால் சுற்றுக்கூட இல்லை. சல்லரி வந்தது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கசெற்றில் நாடா செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடுகிறது. 10,000 ஹேர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை அந்த நாடாவில் 5 மைக்ரோமீற்றர் நீளம்கூட இல்லை. நாடாவில் பதிவு ஒன்றரை மில்லிமீற்றர் அகலம். ஹெட் கால் பாகை சரிந்தாலே பதிவின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் ஓர் அலைக்கு மேல் விலகிவிடும், கூரான சத்தமெல்லாம் தமக்குள் அழிந்துபோகும். சதங்கை நாடாவிலேயே இருந்திருக்கிறது, முப்பத்துச் சொச்ச வருடமும். நானா வாங்கியது 500 ரூபா.

பிந்தி ஓர் இடத்தில், ஒரு தருவுக்கும் (கூத்துப் பாட்டுக்கும்) அடுத்த தருவுக்கும் இடையில், மத்தளம் நிற்கிறது. அப்பா சொல்கிறார்: "மனே, ரேப்ப இவ்வளவு கிட்ட வெய்யாத. அங்கால தள்ளி வை." முன்பு அது வெறும் முணுமுணுப்பாக இருந்தது. இப்போது ஒவ்வொரு சொல்லும் விளங்குகிறது. கணினியில் ஏற்றி நாலு இடத்தில் வைத்திருக்கிறேன்.

ஆகவே உங்களுக்கு: காசு இருந்தால் ஸ்பீக்கரில் போடுங்கள், சத்தத்தில் பெரிய வித்தியாசம் அங்கேதான் வரும். வயருக்கு ஹார்ட்வெயார் கடை. வருடத்துக்கு இரண்டு தரம் நுனிகளை வெட்டிச் சீவி இறுக்குங்கள், ஒரு பக்கத்துக்குச் சிவப்பு ரேப் ஒட்டுங்கள். தூரமும் ஸ்பீக்கரின் ஓமும் எழுதினால் எவ்வளவு தடிப்பு வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன், வேறு எங்கே எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. மூன்று கசெற் என்று சொன்னேன், என்னிடம் இருப்பது ஒன்றுதான். மற்ற இரண்டையும் 2011இல் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் "சீடியில அடிச்சி அனுப்புறன்" என்று வாங்கிப் போனார். கூத்தைப் பற்றி ஆராய்கிறேன் என்றார். பெரியம்மா அவருக்குச் சோறு போட்டு, இரண்டையும் சீலைப் பையில் சுற்றிக் கொடுத்தார். முதல் வருடம் தொலைபேசியில் "செய்யிறன், செய்யிறன்" என்றார். பிறகு அந்த இலக்கமே வேலை செய்யவில்லை. இப்படி எங்கள் பக்கத்தில் ஏட்டுப் பிரதி கொடுத்தவர்கள், படம் கொடுத்தவர்கள், சதங்கை கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். கேட்டால் "பாதுகாக்கத்தானே கொண்டுபோனோம்" என்பார்கள். எங்கே பாதுகாக்கிறார்கள் என்று கொடுத்தவருக்குத் தெரியாது.

அவரோ அவரைத் தெரிந்தவரோ இதை வாசித்தால்: பெட்டி இல்லாவிட்டால் பரவாயில்லை, நாடா அறுந்திருந்தாலும் பரவாயில்லை, ஒட்டத் தெரிந்த ஆள் இருக்கிறார். நீங்களாகத் துடைக்கவோ சுற்றவோ வேண்டாம், அப்படியே அனுப்புங்கள். இரண்டாவது கசெற்றில்தான் அப்பா தனியாகப் பாடுகிறார்.