நங்கூரம் எட்டாத கடல்

வாசகர் கேள்வி – பதில்

குளச்சல் வாசகி ஒருவர், தாம் எழுதிவரும் அறிவியல் புனைகதையின் சுருக்கத்தைச் சென்ற இதழில் பகிர்ந்துகொண்டிருந்தார். நீண்ட போர் ஒன்று முடிந்தபின், அதில் சண்டையிட்ட விண்கலம் ஒன்று, நிலமே இல்லாமல் முழுவதும் கடலால் மூடப்பட்ட ஒரு கோளை ஆராயப் பதினொரு பேருடன் புறப்படுகிறது. போகிறவர்கள் அனைவரும் உடலாலோ மனத்தாலோ இன்னும் தேறாதவர்கள். 'கடற்கோள்' என்பது கதையின் பெயர். அதையொட்டிக் கடிதங்கள் நிறைய வந்ததால், இந்த இதழின் பகுதியை முழுவதும் அந்தக் கதைக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள். அதனால் எப்படி எழுதினாலும் என் கதையின் கடல் குளச்சல் கடலாகவே வந்து நிற்கிறது. நிலமே இல்லாத கோளின் கடல் எந்த வகையில் வேறுபட்டிருக்கும்?
– கதையை எழுதும் வாசகி, குளச்சல்

பதில்: முதல் வேறுபாடு அடித்தரை. பழைய கப்பல்களில் ஆழம் பார்ப்பதற்கு ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். குண்டின் அடியில் உள்ள குழியில் கொழுப்பைத் தடவி வைத்திருப்பார்கள். குண்டு தரையைத் தொட்டதும் மணலோ சேறோ சிப்பித்தூளோ அந்தக் கொழுப்பில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். அனுபவப்பட்ட மாலுமி அதை விரலால் தேய்த்துப் பார்த்தே கப்பல் எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடுவார். உங்கள் கோளில் எத்தனை முறை இறக்கினாலும் அந்தக் கொழுப்பு வெறுமையாகவே திரும்பி வரும். பூமியின் மிக ஆழமான இடமான மரியானா அகழியே ஏறத்தாழ 11 கிலோமீட்டர்தான். முழுக் கடலால் ஆன பெருங்கோளில் ஆழம் நூறு கிலோமீட்டரையும் எட்டலாம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் வீதம் கூடிக்கொண்டே போவதால், நம் பூமியின் ஈர்ப்புவிசையை வைத்துக் கணக்கிட்டால், நீரின் வெப்பத்தைப் பொறுத்து 60 முதல் 100 கிலோமீட்டர் ஆழத்துக்குள் தண்ணீர் அழுத்தத்தினாலேயே இறுகிப் பனிக்கட்டியாகிவிடும். அது நாம் அறிந்த பனிக்கட்டி போல மிதப்பதில்லை. நீரைவிட அடர்த்தி கூடியது என்பதால் அடியிலேயே கிடக்கும். பாறை இருப்பது அதற்கும் கீழே.

இதனால் விளையும் ஒன்றை நீங்கள் கதையில் மறக்கக் கூடாது. குழித்துறைத் தாமிரபரணியும் பழையாறும் மலைப்பாறையைக் கரைத்துக் கொண்டுவந்து கடலில் சேர்க்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அடிக்கடலின் குளிர்ந்த, சத்துள்ள நீர் மேலே ஏறி வருகிறது. நம் மாவட்டத்துக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் என்னும் கடலடி மேட்டுப் பகுதியில் மீன் செழித்திருப்பதற்கு இவையெல்லாம் காரணங்கள். பாறைக்கும் நீருக்கும் இடையே பனிக்கட்டிப் பாளம் கிடக்கும் கோளில் பாஸ்பரஸ் போன்ற உயிர்ச்சத்துகள் நீரில் சேர்வது மிகவும் கடினம். ஆகவே உங்கள் இரண்டாம் அத்தியாயத்தில், கலம் இறங்கிய அன்றே திமிங்கிலக் கூட்டம் தென்படுவதை நீக்கிவிடுங்கள். அங்கே உயிர் இருக்குமானால் அது அரிதாக இருக்கட்டும். பல மாதத் தேடலுக்குப் பிறகு ஒரு வடிதாளில் படிந்த மங்கலான கறையாக இருக்கட்டும்.

இரண்டாவது, அலை. நம் கரையில் 'கள்ளக்கடல்' என்ற சொல் வழங்குகிறது. காற்றும் இல்லை, மழையும் இல்லை, வானம் தெளிந்திருக்கும். ஆனால் தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சில நாட்களுக்கு முன் அடித்த புயலின் அலை, அமைதியாகப் பயணம் செய்து வந்து நம் கரையில் ஏறி, வீட்டு வாசல் வரை வந்துவிடும். நம் கரையில் அந்த அலை உடைந்து ஓய்கிறது. உங்கள் கோளில் அது உடைவதற்குக் கரை கிடையாது. அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள தென்கடலில் நிலம் குறுக்கிடாததால்தான் உலகத்தின் மிகக் கடுமையான அலைகள் அங்கே இருக்கின்றன; அந்த நிலையை ஒரு கோள் முழுவதற்கும் விரித்துப் பாருங்கள்.

மூன்றாவது, இடம் அறிதல். நம் மீனவர்கள் கரையிலுள்ள மலையையும் தேவாலயக் கோபுரத்தையும் கண்ணால் ஒரே கோட்டில் நிறுத்தி, இன்னொரு பக்கத்தில் அதுபோல் வேறு இரண்டு அடையாளங்களைச் சேர்த்து, கடலுக்கடியில் மறைந்திருக்கும் 'பார்' என்னும் பாறைத்திட்டை அளவுக்கருவி எதுவுமின்றிக் கண்டுபிடித்துவிடுவார்கள். மலையே இல்லாத கோளில் 'நேற்று நின்ற இடம்' என்று எதைச் சொல்வது? மிதவையை விட்டுவைத்தாலும் நீரோட்டம் அதைக் கொண்டுபோய்விடும், நங்கூரமோ அடியை எட்டாது. வீடு இழந்தவர்கள் பதினொரு பேர் இப்படிப்பட்ட கடலில் இறங்குகிறார்கள் என்பதே உங்கள் கதையின் பலம். குளச்சல் கடல் உங்கள் எழுத்தில் வந்து நிற்பதற்காக வருந்தாதீர்கள். உங்கள் மாலுமிகளில் ஒருவர் அதை நினைவில் சுமந்து வந்து, அங்கே இல்லாதவற்றை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கட்டும்.

கேள்வி: இப்படி ஒரு கோள் உண்மையிலேயே இருக்கிறதா? அங்கே போக எவ்வளவு காலம் ஆகும்?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: 124 ஒளியாண்டு தொலைவில் உள்ள கே2-18பி என்னும் கோள் பலராலும் பேசப்படுகிறது. பூமியைப்போல் எட்டு மடங்குக்கும் மேற்பட்ட நிறையும் 2.6 மடங்கு ஆரமும் கொண்டது. ஹைட்ரஜன் காற்றுக்குக் கீழே பெருங்கடல் கொண்ட கோள்கள் இருக்கலாம் என்ற கருத்தை 2021-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் குழுவினர் முன்வைத்தார்கள். 2023-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இந்தக் கோளின் காற்றில் மீத்தேனையும் கரியமில வாயுவையும் கண்டது. கடல் இருப்பது இன்னும் உறுதிப்படவில்லை, விவாதம் தொடர்கிறது. 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் விநாடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அந்த வேகத்தில் 124 ஒளியாண்டைக் கடக்க 20 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே பயணத்துக்கான வழியைக் கதாசிரியர் ஒரே வரியில் கற்பித்துக்கொண்டு மேலே செல்வதே நல்லது. அந்த இடத்தில் கணக்குக் கேட்காமல் இருப்பது வாசகரின் பெருந்தன்மை.

கணக்கு உதவும் இடம் வேறு. அத்தகைய கோளில் ஈர்ப்புவிசை நம்முடையதைவிட ஏறத்தாழக் கால் பங்கு கூடுதல். 60 கிலோ எடையுள்ளவர் 75 கிலோவாக உணர்வார். போரில் முழங்கால் சிதைந்த ஒருவர் கலத்தின் ஏணியில் இறங்கும்போது அந்தக் கூடுதல் 15 கிலோ எங்கே இறங்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஹைட்ரஜன் காற்று என்பதால் முகக்கவசத்தைக் கழற்றவும் முடியாது. கடலுக்குப் பக்கத்திலேயே மாதக்கணக்கில் இருந்தும் கடல்வாசனை ஒருநாளும் நாசியில் ஏறாது.

கேள்வி: போரில் களைத்தவர்களை ஆராய்ச்சிக்கு அனுப்புவது நம்பும்படியாக இல்லை. அவர்களுக்கு வேண்டியது ஓய்வும் வீடும். நானும் எல்லையில் பணியாற்றியவன் என்பதால் கேட்கிறேன்.
– ஓய்வுபெற்ற படைவீரர், மார்த்தாண்டம்

பதில்: ஐயா, நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஓய்வு வேண்டும், வீடும் வேண்டும். ஆயினும் கடலாராய்ச்சியின் வரலாற்றைப் பார்த்தால், அதன் பெரும்பகுதியைப் போர்க்கப்பல்களும் போரிலிருந்து வந்தவர்களுமே செய்திருக்கிறார்கள். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களை அளந்த பிரிட்டனின் 'சாலஞ்சர்' ஒரு போர்க்கப்பல். இரண்டைத் தவிர மற்றப் பீரங்கிகளை எல்லாம் இறக்கிவிட்டு, அந்த இடத்தில் ஆய்வுக்கூடங்களை அமைத்தார்கள். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி, போர்க்காலத்தில் பீரங்கிப் படகாகக் கட்டத் தொடங்கிய 'மீட்டியர்' என்ற கப்பலை ஆய்வுக் கப்பலாக மாற்றி, 1925 முதல் 1927 வரை தென் அட்லாண்டிக்கைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்து, ஒலியை அனுப்பி அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு ஆழம் அறியும் எதிரொலிக் கருவியால் 60,000-க்கும் மேற்பட்ட இடங்களில் ஆழம் பார்த்தது. போர் இழப்பீட்டைக் கட்டுவதற்குக் கடல்நீரிலிருந்து தங்கம் எடுக்கலாம் என்று வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹாபர் கொண்டிருந்த நம்பிக்கையும் அந்தப் பயணத்துக்குப் பின்னால் இருந்தது. தங்கம் பயன்படும் அளவில் கிடைக்கவில்லை. கடலடி மலைத்தொடரின் வடிவம் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக்கில் படைகளை ஏற்றிச்சென்ற கப்பலின் தலைவரான ஹாரி ஹெஸ், போருக்கு நடுவிலும் எதிரொலிக் கருவியை அணைக்காமல் வைத்திருந்து, தட்டையான உச்சி கொண்ட கடலடி மலைகளைக் கண்டறிந்தார். கடல்தரை விரிகிறது என்று 1962-இல் எழுதியவரும் அவரே.

இனி உங்கள் கேள்வியின் உட்பொருளுக்கு வருகிறேன். போர் முடிந்த பிறகும் உள்ளே ஓயாதிருக்கும் அதிர்ச்சியை மருத்துவ உலகம் முறையான நோயாகப் பட்டியலில் சேர்த்ததே 1980-இல்தான். மேலே சொன்ன கள்ளக்கடலைப் போல, காற்றே இல்லாத நாளில் அந்த அலை வீட்டுக்குள் ஏறும். நீங்கள் உங்கள் கடிதத்தின் கடைசியில், பணி முடிந்து வந்த முதல் ஆண்டில் இரவின் அமைதியே உறங்கவிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியைக் கதாசிரியர் நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கதைக்குள் அதை எப்படிக் கொண்டுவருவது? எதிரொலிக் கருவி முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க வளர்ந்தது. அதன் முன் உட்கார்ந்திருந்தவருக்குத் திரும்பி வரும் ஒவ்வொரு ஒலியும் எதிரிதான். விநாடிகளுக்குள் முடிவெடுக்க வேண்டும். அதே மனிதர், காதில் மாட்டிய அதே ஒலிக்கருவியுடன், உங்கள் கடற்கோளில் உட்கார்ந்திருக்கிறார். ஒலியை அனுப்புகிறார். 80 கிலோமீட்டர் கீழே போய்ப் பனித்தரையில் பட்டுத் திரும்புவதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். முதல் நாளில் அந்த ஒரு நிமிடத்தை அவரால் தாங்க முடியவில்லை. காதிலிருந்த ஒலிக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போகிறார். அடுத்தவர் வந்து அந்த அளவை எழுதிவைக்கிறார். இரண்டாம் மாதத்தில் அவர் அந்த நிமிடம் முழுவதும் இருந்து, வந்த எண்ணைத் தம் கையாலேயே பதிவேட்டில் எழுதுகிறார். கடலின் அழகு அவர்களைக் குணப்படுத்தியது என்று எழுதும் பத்திகளைவிட இந்த ஒரு பதிவேடு எனக்கு நம்பும்படி இருக்கிறது.

ஆனால் வேலை மட்டும் போதும் என்றும் எழுதிவிட வேண்டாம். 2010-11-இல் மாஸ்கோவில் ஆறு பேர் 520 நாட்கள் அடைபட்ட கலத்தில் செவ்வாய்ப் பயணத்தைப் போல வாழ்ந்து காட்டியபோது, போரையே காணாத அவர்களில் சிலருக்கும் உறக்கம் தடுமாறியது. வீட்டிலிருந்து கடிதம் வருவதற்கும் கதையில் ஒரு வழி செய்துகொடுங்கள்.

கேள்வி: பதினொருவரில் ஒருவர் எதிரிப் படையைச் சேர்ந்தவர் என்பது செயற்கையாக இல்லையா?
– ஆசிரியை, தக்கலை

பதில்: நீங்கள் இருக்கும் ஊரிலிருந்து சிறிது தூரத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுக் கம்பெனித் தளபதி டி லனாய், பிறகு திருவிதாங்கூர்ப் படையையே பயிற்றுவித்து, 'வலிய கப்பித்தான்' என்று பெயர் பெற்று, 1777-இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் அவருடைய கல்லறை இருக்கிறது. அதன் எழுத்துகள் லத்தீனிலும் தமிழிலும் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒருநாள் அந்தத் தமிழ் வரிகளை நான் விரலால் தடவிப் படித்திருக்கிறேன். தோற்றவனின் பெயரை வென்றவர்களின் மொழியில் செதுக்குவதற்கு இடையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருக்கிறது. எனவே எதிரியைக் கலத்தில் ஏற்றுங்கள். மூன்றாம் அத்தியாயத்திலேயே அனைவரும் நண்பர்களாகிவிட வேண்டாம்.

கேள்வி: கதையின் பெயரைப் படித்தவுடன் இதழை மூடி வைத்துவிட்டேன். 2004 டிசம்பர் 26-ஐ இந்தக் கரையில் பார்த்தவளுக்குக் 'கடற்கோள்' என்பது ஒரு கோளின் பெயராகத் தோன்றவே தோன்றாது. எங்கள் வீட்டிலும் ஓர் உயிர் போயிற்று. பெயரை மாற்றச் சொல்வீர்களா?
– வாசகி, கொட்டில்பாடு அருகே

பதில்: அம்மா, இதழை மறுபடி திறந்து இந்தக் கடிதத்தை எழுதியதற்கு நன்றி. கதாசிரியர் 'கடலாலான கோள்' என்ற பொருளில்தான் அந்தப் பெயரை வைத்தார். ஆனால் தமிழில் கோள் என்பது கொள்ளுதல். வானத்துக் கோளுக்கும் அந்தப் பெயர் அதனால்தான் வந்தது. குமரிக்கோடு என்னும் மலையைக் கடல் 'கொண்டது' என்றுதான் பழந்தமிழும் சொல்கிறது. கடலாலான கோள், கடல் நிலத்தைக் கொள்ளுதல் என்ற இரண்டு பொருளும் ஒரே வேரில் நிற்பதால் அந்தச் சொல்லை எவராலும் பிரித்துக்கொடுக்க முடியாது. அட்டையில் அந்தப் பெயர் வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் கடிதத்தையும் சேர்த்துக் கதாசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன். கதைக்குள் அந்தச் சொல் இருக்கட்டும். பதினொருவரில் ஒருவர் நம் கரையிலிருந்து போனவராக இருந்தால், மற்றவர்கள் அந்தப் பெயரைச் சொல்லும் போதெல்லாம் அவர் மட்டும் விண்மீன் அட்டவணையில் உள்ள எண்ணைச் சொல்லட்டும். ஏன் என்று கலத்தில் யாரும் அவரைக் கேட்க வேண்டாம்.