ஆடம்ஸ் கவுண்டியில் காணாமல் போன 6 சதுர மைல்

அன்புள்ள ஐயா,

ஒமாஹாவிலிருந்து நெடுஞ்சாலை 34 வழியாக அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள ஆடம்ஸ் கவுண்டியைக் கடந்தேன். 2020 கணக்கெடுப்பில் மொத்தமே 3,704 பேர். 1900-ல் 13,601 பேர் இருந்திருக்கிறார்கள். இந்த மாவட்டத்துக்குத் தனி ஷெரீஃப், தனி நீதிமன்றம் எதற்கு? நாலைந்தைச் சேர்த்து ஒன்றாக்கினால் என்ன? கண்முன்னே ஒரு நிலம் அழிவதைப் பார்த்த துயரம் இன்னும் போகவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் துயரம் உண்மையானது, அதை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் மாநிலத்துக்குள் ஒரு சிறு நிர்வாகப் பிரிவான கவுண்டியை ‘மாவட்டம்’ என்று எழுதினீர்களே, அதற்கு மன்னிப்பில்லை. அப்படி எழுதியதுமே ஒரு கலெக்டரும் இருபது லட்சம் ஜனமும் மனதில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். பிறகு 3,704 என்பது வேடிக்கையாகத்தான் தெரியும்.

தலைகளை எண்ணுவதற்கு முன் நிலத்தை எண்ணுங்கள். அயோவாவை 6 மைலுக்கு 6 மைல் சதுரங்களாக வெட்டினார்கள். ஒரு சதுரம் ஒரு டவுன்ஷிப். (பெயரைப் பார்த்து நகரம் என்று நினைக்கவேண்டாம், உள்ளே ஒரு கடைகூட இல்லாமல் இருக்கலாம்.) அதற்குள் 36 செக்‌ஷன், ஒன்று ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160 ஏக்கர்: ஒரு குடும்பமும் சில குதிரைகளும் சமாளிக்கக்கூடிய அளவு. ஆடம்ஸில் 12 டவுன்ஷிப், அதாவது 1,728 கால் செக்‌ஷன். வீட்டுக்கு ஐந்து பேர் என்று வையுங்கள், 8,640 ஆயிற்று. கொல்லர், மளிகைக்காரர், ரயில்வே ஆட்கள், வாத்தியார்களைக் கூட்டினால் 1900-ன் கணக்கு எங்கிருந்து வந்தது என்பது புரியும்.

மக்காச்சோளக் கதிரைக் கையால் ஒடித்த காலத்தில் நல்ல வேலைக்காரன் ஒரு நாளில் 100 புஷல் ஒடிப்பான் (புஷல் அங்கே தானியத்தை அளக்கும் அளவு). ஏக்கருக்கு 40 புஷல் விளைந்தால் அது இரண்டரை ஏக்கர். இன்று 30 அங்குல இடைவெளியில் 24 வரிசை விதைக்கும் இயந்திரம் ஒரே ஓட்டத்தில் 60 அடி அகலத்தை முடிக்கிறது. மணிக்கு 5 மைல் வேகத்தில் ஏட்டுக்கணக்குப்படி 36 ஏக்கர். திரும்புவதற்கும் விதை நிரப்புவதற்கும் கழித்தாலும் 25 தேறும். ஒரு குடும்பத்தின் நிலம் ஒரு பகலில் விதைத்து முடிந்துவிடும். 1980களின் கடன் நெருக்கடி இன்னும் பலரைக் கிளப்பிவிட்டது. நிலம் எங்கும் போகவில்லை, அதற்கு ஆள் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

சேர்ப்பதைப் பற்றி: செலவு சாலையில் இருக்கிறது. எல்லா செக்‌ஷன் கோட்டிலும் சாலை போட்டால் சதுர மைலுக்கு 2 மைல், ஆடம்ஸுக்கு சுமார் 850 மைல். மைலுக்கு நாலு பேர்! எல்லாக் கோட்டிலும் சாலை இல்லைதான். இருப்பவற்றுக்கு ஜல்லி கொட்டவேண்டும், தானிய லாரியைத் தாங்கப் பாலத்தைப் பலப்படுத்தவேண்டும். நாலு கவுண்டியை ஒன்றாக்கினால் அதில் ஓர் அடியாவது குறையுமா? நீதிமன்றக் கட்டிடத்தை வேண்டுமானால் பூட்டலாம். அதை விடுங்கள்.

என்னை உறுத்துவது வேறொன்று. 432 சதுர மைலுக்குக் குறைவாகப் புதிய கவுண்டி கூடாது என்கிறது அயோவாவின் 1857 அரசியல் சட்டம். 12 டவுன்ஷிப், தலைக்கு 36: சரியாக 432. ஆனால் ஆடம்ஸின் பரப்பு சுமார் 426. மிச்சம் 6 எங்கே?

அன்று நிலத்தை அளந்த கண்டர் சங்கிலியைப் பாருங்கள். 66 அடி, 100 கண்ணி. 80 சங்கிலி ஒரு மைல், 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். ஊரில் மனை வாங்கும்போது சென்ட் என்கிறோமே, அதுவும் இதன் பிள்ளைதான்: ஒரு சங்கிலி நீளம், ஒரு சங்கிலி அகலம் என்றால் 10 சென்ட். இந்தச் சங்கிலி இரண்டு விதமாக ஏமாற்றும். உரசும் இடங்கள் 600-க்குக் குறையாது. ஒவ்வொன்றும் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு தேய்ந்தால் சங்கிலி 6 அங்குலம் நீண்டுவிடும், மைலுக்கு 40 அடி. அப்போது ஏட்டில் உள்ளதைவிட நிலம் கூடும். சரிவில் கிடைமட்டமாகப் பிடிக்காமல் தரையோடு போட்டால் குறையும். மைல் கணக்கில் கூலி வாங்கிய ஒப்பந்தக்காரர்கள் சரிவில் நின்று நிதானமாகப் பிடித்திருப்பார்களா?

அதற்கும் மேல், பூமி உருண்டை. வடக்கு நோக்கிப் போகும் கோடுகள் நெருங்கிக்கொண்டே போகின்றன. அந்த அட்சரேகையில் ஒரு டவுன்ஷிப்பின் வடக்கு விளிம்பு தெற்கு விளிம்பைவிட 40 அடிக்கு மேல் குறுகிவிடும். அதனால்தான் இந்தக் குறுகலைச் சரிசெய்ய இடையிடையே போட்ட திருத்தக் கோட்டில் நேரான சாலை திடீரென்று ஒடிந்து, பக்கவாட்டில் நகர்ந்து, மறுபடி நேராகிறது. ஓட்டுநர் தூங்கினால் வண்டி வயலில்தான்.

டவுன்ஷிப்புக்குள் சேர்ந்த பிழையை எல்லா செக்‌ஷனுக்கும் பங்கிடவில்லை. வடக்கு, மேற்கு ஓரங்களில் தள்ளிவிட்டார்கள். செக்‌ஷன் எண்கள் வடகிழக்கில் 1-ல் தொடங்கி மேற்கே 6 வரை போய், கீழே இறங்கி 7-லிருந்து கிழக்கே திரும்பும், ஏர் மாடு சால் திரும்புவதுபோல. ஆக, வடமேற்கு மூலையில் கிடக்கும் 6-ஆம் எண்ணுக்கு இரண்டு பக்கமும் அடி. அதன் மூலைக் கால் பங்கைப் பத்திரத்தில் தேடிப்பாருங்கள். 160 என்று இருப்பது அபூர்வம், 151 சொச்சம் என்பதுபோல ஏதோ ஓர் எண்தான் இருக்கும்.