பெரிய அற்புதம் எதுவும் நடக்காத சாதாரண வாழ்க்கையில் கடவுளை எப்படி அடையாளம் காண்கிறீர்கள்?

கேள்விக்குக் கீழே நீங்கள் இன்னொரு வரியும் சேர்த்திருந்தீர்கள்: சபையில் சாட்சி சொல்ல, அதாவது கடவுள் தன் வாழ்வில் செய்ததை எல்லார் முன்னும் எழுந்து சொல்ல, கூப்பிட்டால் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை என்று. அந்த வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். நானும் உங்கள் கட்சிதான்.

பிறந்ததே விசுவாசக் குடும்பத்தில். குடியை விட்டுத் திருந்திய கதை கிடையாது, தீராத நோயிலிருந்து எழும்பிய கதை கிடையாது, தரிசனம் கண்டதில்லை. வாலிபர் கூட்டத்தில் சாட்சி நேரம் வந்தால் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுகிற மாதிரி தலையைக் குனிந்துகொள்வேன். மைக் என் வரிசைக்கு வந்துவிடக் கூடாது என்று செய்த ஜெபங்கள்தான் அந்த வயதில் நான் செய்த மிக ஊக்கமான ஜெபங்கள். அவற்றில் பலவும் கேட்கப்பட்டன. அதைச் சாட்சியில் சேர்க்கலாமா தெரியவில்லை.

எனக்கு முதலில் தைரியம் கொடுத்தது எஸ்தரின் புத்தகம். எபிரெய மூலத்தில் கடவுளின் பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை. கடல் பிளக்கவில்லை, தூதன் வரவில்லை. மொர்தெகாய் என்ற யூதனைத் தூக்கிலிட, யூதர்களையே அழிக்கத் திட்டமிட்டிருந்த ராஜாவின் மந்திரி ஆமான் ஐம்பது முழ உயரத்தில் மரம் நாட்டி முடித்துவிட்டான். அன்று இரவு ராஜாவுக்குத் தூக்கம் வரவில்லை. நாளாகமப் புத்தகத்தைக் கொண்டுவந்து வாசிக்கச் சொல்கிறான். தன் உயிரைக் காப்பாற்றிய மொர்தெகாய்க்கு எந்தக் கைமாறும் செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிகிறது. ஒரு ஜனத்தின் கதையே அங்கிருந்துதான் திரும்புகிறது. தூக்கம் வராத ஒரு இரவு, ஒரு பழைய பதிவேடு, அவ்வளவுதான். 'கர்த்தர் ராஜாவின் தூக்கத்தைக் கலைத்தார்' என்று ஒரு வரி சேர்ப்பது எழுதியவருக்கு எவ்வளவு சுலபம்! சேர்க்கவில்லை. அந்த மௌனத்தை வேதத்துக்குள் வைத்திருக்கிறார்களே என்பது எனக்கு இன்றும் பெரிய ஆறுதல்.

இன்னொன்று, நேரம் பற்றியது. லூக்கா 24ல் எம்மாவுக்கு நடந்துபோன இரண்டு சீஷர்கள், உயிர்த்தெழுந்த இயேசுவோடு பேசிக்கொண்டே நடந்தார்கள். அவர் யாரென்று தெரியவில்லை. பந்தியில் அவர் அப்பத்தைப் பிட்டபோது கண் திறந்தது, அந்த நொடியே அவர் மறைந்துபோனார். 'வழியிலே அவர் பேசினபோது நம்முடைய இருதயம் கொழுந்துவிட்டு எரியவில்லையா' என்று அவர்கள் சொல்வது அதற்குப் பிறகு. கூட இருக்கும்போது தெரியவில்லை, போனபின் தெரிந்தது. ஆதியாகமத்தில், பெத்தேல் என்ற இடத்தில் தூங்கி எழுந்த யாக்கோபும் இதையேதான் சொல்கிறான்: 'மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்.' அதனால் 'இந்த நிமிடம் தேவ பிரசன்னத்தை உணர்கிறாயா' என்று யாராவது கேட்டால், எனக்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. 'போன வருடம் அந்த நாட்களில்?' என்று கேட்டால் கொஞ்சம் சொல்லுவேன். என் விசுவாசத்தில் பெரும்பகுதி ஞாபகம்தான்.

இதை நான் கற்றுக்கொண்டது என் அம்மாவின் வேதாகமத்திலிருந்து. அம்மா இறந்தபின் அது என்னிடம் வந்தது. டைரி எழுதுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ஆனால் சில வசனங்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு தேதி இருக்கும். தேதி மட்டும்தான், என்ன ஏது என்று ஒரு சொல் இருக்காது. சிலவற்றை என்னால் கண்டுபிடிக்க முடிந்தது. 'நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்' என்கிற ஏசாயா 41:10க்குப் பக்கத்தில் இருந்தது அப்பாவுக்கு வேலை போன வாரம். உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பார் என்கிற 121ஆம் சங்கீதத்தின் ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தேதிகள்; படிப்பு, வேலை, கல்யாணம் என்று நாங்கள் ஒவ்வொருவராக வீட்டைவிட்டுக் கிளம்பிய நாட்கள் அவை. என் கல்யாணத் தேதியைவிட நான் விடுதிக்குப் போன தேதி கொஞ்சம் அழுத்தி எழுதப்பட்டிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். மனைவி ஒப்புக்கொள்வதில்லை.

பிறகு 41ஆம் சங்கீதம் வந்தது. 'படுக்கையின்மேல் வியாதியாய்க் கிடக்கிற அவனைக் கர்த்தர் தாங்குவார்' என்ற வசனத்தின் பக்கத்திலும் ஒரு தேதி. தம்பி படுக்கையில் கிடந்த சமயம் அது. அதே மாதம் அவன் இறந்துபோனான்.

அம்மா அந்தத் தேதியை அழிக்கவில்லை. பென்சில்தானே, ஒரு ரப்பர் போதும். கேள்விக்குறிகூடப் போடவில்லை. அதற்குக் கீழே பல வருடம் கழித்து இன்னொரு தேதி இருக்கிறது. அது என்ன நாள் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அக்காவிடம் கேட்டேன், சித்தியிடம் கேட்டேன், இப்போது கேட்பதை விட்டுவிட்டேன்.

அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் தீர்க்கதரிசி சாமுவேல் நிறுத்திய கல்லை நான் வேறுவிதமாக வாசித்தேன். 1 சாமுவேல் 7ல் இஸ்ரவேலின் எதிரிகளான பெலிஸ்தர் முறியடிக்கப்பட்டதும் அவர் ஒரு கல்லை நிறுத்தி, 'இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்' என்று சொல்லி எபெனேசர், அதாவது உதவியின் கல், என்று பெயரிடுகிறார். நன்றி சொல்லும் கூட்டங்களில் எல்லாம் இந்த வசனம் வரும். ஆனால் அந்தப் பெயர் முதலில் வருவது அங்கே அல்ல, 4ஆம் அதிகாரத்தில். இஸ்ரவேலர் எபெனேசருக்குச் சமீபத்தில் பாளயமிறங்கி, முதலில் ஏறக்குறைய 4,000 பேரையும் பின்னர் 30,000 பேரையும் இழந்து, உடன்படிக்கைப் பெட்டியையும் பறிகொடுத்தார்கள். இரண்டும் ஒரே இடமா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. பெயர் ஒன்றுதான். தோற்ற களத்தின் பெயரையே உதவியின் கல்லுக்கும் வைத்ததைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. 'இம்மட்டும்' என்பதற்குள் அந்த 30,000 பேரும் அடக்கம் என்றுதான் வாசிக்கிறேன்.

இதனால்தான் அன்றாட நிகழ்ச்சிகளிலிருந்து சட்டென்று ஆவிக்குரிய பாடம் எடுப்பவர்களோடு எனக்கு ஒத்துவருவதில்லை. 'அன்றைக்கு வண்டியைத் தவறவிட்டேன், அந்த வண்டி விபத்தில் சிக்கியது, கர்த்தர் என்னைக் காத்தார்' என்கிற சாட்சியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சொல்பவரின் நன்றி உண்மையானது, அதைக் குறை சொல்லவில்லை. வண்டியைத் தவறவிடாதவர்களின் வீட்டாரும் எங்கோ ஒரு சபையில் உட்கார்ந்திருப்பார்களே என்றுதான் மனம் போகும். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரைப் பற்றி இயேசு பேசும்போது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அல்ல என்று தாமே பதிலும் சொல்கிறார். ஏன் விழுந்தது என்று அவர் விளக்கவில்லை. கேட்டவர்களின் மனந்திரும்புதலைப் பற்றித்தான் பேசினார். அவரே விளக்காமல் விட்டதை நாம் விளக்குவதற்குக் கொஞ்சம் கூச்சப்படலாம்.

அன்றாட வேலையில் கடவுளைக் காண்பது பற்றிக் கேட்டால் சகோதரர் லாரன்ஸ் பெயரை எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், வேறு காரணத்துக்காக. போரில் காயம்பட்டு ஊனமான ஒரு முன்னாள் படைவீரர் அவர். 1640ல் பாரிசிலிருந்த கார்மேல் மடத்தில் சேர்ந்து, சமையலறையில் சுமார் 15 ஆண்டுகள் வேலை செய்தார். அவருக்குச் சமையலறை வேலை இயல்பிலேயே பிடிக்காது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. மடத்துக்குத் திராட்சரசம் வாங்க பர்கண்டிக்கு அனுப்பப்பட்டபோது, கால் முடியாததால் படகில் பீப்பாய்களின்மேல் உருண்டுதான் நகர்ந்தாராம். பிடிக்காத வேலையை, சரியாக வராத வேலையைக் கடவுளுக்காகச் செய்தவர் அவர். பாத்திரம் கழுவும்போது பரவசம் வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு இது உதவும்.

நடைமுறையில் என்ன செய்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் புராட்டஸ்டன்ட், செய்வதோ ஒரு கத்தோலிக்க நண்பர் சொல்லித்தந்தது. 16ஆம் நூற்றாண்டில், இயேசு சபைத் துறவிகளின் ஸ்தாபகர் இஞ்ஞாசியார் வகுத்த ஆத்தும சோதனை அது. முதலில் நன்றி, பிறகு தன் பாவத்தை அறிய அருள் கேட்பது, எழுந்த நேரத்திலிருந்து அந்த நாளை மணிமணியாகப் பின்னோக்கிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, திருந்தத் தீர்மானிப்பது. கடைசியில் கர்த்தருடைய ஜெபம். ஐந்தையும் ஒழுங்காகச் செய்ய எனக்கு வாய்ப்பதில்லை. நாளைத் திரும்பிப் பார்ப்பதை மட்டும் விடுவதில்லை. வேலை மும்முரத்தில் நான் எடுக்காமல் விட்ட ஒரு போன் அழைப்பு, கோபத்தில் நான் சொல்லவிருந்ததைச் சொல்லவிடாமல் குறுக்கே வந்த ஒரு குழந்தை, இப்படித்தான் ஏதாவது அகப்படும். ஒரு நோட்டில் தேதி போட்டு ஒரு வரி எழுதுவேன், கூடவே அர்த்தம் எழுதுவதில்லை. சில நாள் ஒன்றுமே அகப்படாது. அன்று தேதியை மட்டும் போட்டுவிட்டு வரியைக் காலியாக விடுவேன். மாதங்கள் கழித்து அந்தக் காலி வரிகளில் சிலவற்றை நிரப்ப முடிந்திருக்கிறது. மற்றவை அப்படியே இருக்கின்றன.