ஆச்சியை ஏன் தடுத்தீர்கள்?

கேள்வி: அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்து ஊர் எங்களுக்கு. நான் அரசுப் பணியில் இருக்கிறேன். என் மகன் பிளஸ் ஒன் முடித்து பிளஸ் டூ போகிறான். அவன் பள்ளியில் இந்த விடுமுறைக்குக் கோடை வாசிப்புத் திட்டம் வைத்திருக்கிறார்கள். 40 நாளில் ஐந்து புத்தகங்கள் வாசித்து நோட்டில் எழுத வேண்டும். சனிக்கிழமைதோறும் கிளை நூலகத்தில் கூடி அவற்றைப் பற்றிப் பேச வேண்டும். ஐந்தையும் பாளையங்கோட்டைக்குப் போய் வாங்கி வந்தேன். பத்து நாளாகிவிட்டது. கி.ராஜநாராயணன் கதைத் தொகுப்பில் நாலு பக்கம் புரட்டிவிட்டு, வார்த்தையே புரியவில்லை என்று மூடிவிட்டான். செல்பேசியில் கிடைக்கும் கதைச் சுருக்கத்தைப் பார்த்து நோட்டை நிரப்புகிறான். ஒரு புத்தகத்துக்கு 500 ரூபாய் தருவதாகச் சொன்னேன், செல்பேசியைப் பிடுங்கியும் வைத்தேன், பலனில்லை. வீட்டில் அவனுக்குத் தொந்தரவு எதுவும் கிடையாது. என் தாயாருக்கு 74 வயது, கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவர். இரண்டு கண்ணிலும் புரை. இவன் பிளஸ் டூ முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறோம். ஒரு காலத்தில் வாரப் பத்திரிகைகளை விடாமல் வாசித்தவர் என்பதால், ‘அதைக் கொஞ்சம் வாசித்துக் காட்டேன்’ என்று அவனை நச்சரிப்பார். அவன் கவனம் சிதறக் கூடாதென்று நான்தான் தடுத்துவைத்திருக்கிறேன். பிள்ளைக்கு வாசிப்பில் ஆர்வம் வர நான் என்ன செய்வது?

பதில்: தம்பி, மே மாதம் பிறந்தால் இந்தக் கடிதம் எனக்கு வந்துவிடும். ஊர் மாறியிருக்கும், பிள்ளையின் வகுப்பு மாறியிருக்கும். பிடுங்கி வைத்த செல்பேசியும் தருவதாகச் சொன்ன பணமும் மட்டும் மாறியிருக்காது. அந்த இரண்டைப் பற்றியும் நான் பேசப் போவதில்லை. செல்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 500 ரூபாயை உங்கள் பையிலேயே வைத்திருங்கள், அதற்கு வேறு செலவு வைத்திருக்கிறேன்.

‘வீட்டில் தொந்தரவு எதுவும் கிடையாது’ என்று எழுதிய கையோடு உங்கள் தாயாரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தை நான் மூன்று தடவை வாசித்தேன். ‘நச்சரிப்பார்’ என்கிறீர்கள். பெற்ற தாய் தன் பேரனிடம் ஒரு கதையை வாசித்துக் காட்டச் சொன்னால் அதற்கு நம் ஊரில் அதுவா பெயர்? கதை கேட்க ஆசைப்பட்டு ஒருவர் பட்டாசலில் உட்கார்ந்திருக்கிறார். வாசித்தே ஆக வேண்டிய பையன் உள்ளே படுத்திருக்கிறான். நடுவில் நீங்கள் போய் நின்றுகொண்டு, பிள்ளைக்கு ஆர்வம் வரவில்லையே என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். உங்கள் வீட்டில் அந்த ஐந்து புத்தகங்களுக்கும் ஒரு வாசகர் இருந்தார். அவரைத்தான் வாயை மூடி உட்கார வைத்துவிட்டீர்கள்.

நம் பக்கத்தில் வாசிப்பு என்பது ஒருவர் தனியாக மூலையில் உட்கார்ந்து செய்கிற வேலையாக எப்போது ஆனது? சித்ரா பௌர்ணமிக்குச் சித்திரபுத்திர நாயனார் கதை வாசிப்பதை நீங்களும் சின்ன வயதில் கேட்டிருப்பீர்கள். எட்டாம் வகுப்பு முடித்த கோடையில், எங்கள் தெருவில் வழக்கமாக வாசிக்கிற பெரியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அரிக்கேன் விளக்கு, தாள் பழுத்துப்போன புத்தகம், பக்கத்தில் ஒரு செம்பில் சுக்குவெந்நீர். முன்னால் பாய் விரித்துப் பெண்கள், சிலர் மடியில் உறங்குகிற பிள்ளையோடு. எனக்குக் கால் மரத்துவிட்டது. ஒரு பக்கத்தைத் திருப்பும்போது, யாருக்குத் தெரியப் போகிறது என்று இரண்டு வரியைத் தாண்டிவிட்டேன். இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது: ‘ஏட்டி, இரண்டு வரியை விழுங்கிவிட்டாய். திரும்பப் படி.’ கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைக்கிற கிழவி அவர். வருடா வருடம் கேட்டுக் கேட்டு அந்தக் கதை முழுவதும் அவர் காதில் இருந்தது. நான் திரும்பப் படித்தேன். எழுத்துக்கு எழுத்து கவனித்துப் படிப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது அந்த இரவில்தான். பள்ளிக்கூடத்தில் எனக்கு அதை யாரும் சொல்லித் தந்ததில்லை.

உங்கள் மகனுக்கு இப்போது கிடைக்காமல் இருப்பது அப்படி ஒரு காதுதான். தனக்குள் வாசிக்கிறவன் எதையும் தாண்டிப் போகலாம். கடினமான வார்த்தை, நீளமான வாக்கியம், பிடிக்காத பக்கம் எல்லாவற்றையும். வாய்விட்டு வாசிக்கிறவன் தாண்ட முடியாது. மூச்சு எங்கே விட வேண்டும் என்று வாக்கியமே அவனுக்குச் சொல்லும். அர்த்தம் புரியாமல் வாசித்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். கேட்கிறவர் உடனே ‘என்ன, என்ன?’ என்பார். பிளஸ் டூ பரீட்சையில் கேள்வித்தாளைப் பாதி வாசித்துவிட்டு விடையெழுதி மதிப்பெண்ணை இழக்கிற பிள்ளைகளை உங்களுக்கும் தெரிந்திருக்கும். கவனம், கவனம் என்கிறீர்களே, அது இப்படித்தான் வரும்.

வார்த்தை புரியவில்லை என்கிறானாம். கி.ரா. எந்த ஊர்க்காரர்? இடைசெவல், கோவில்பட்டிக்குப் பக்கம். கரிசல் காட்டுப் பேச்சை எழுத்துக்குக் கொண்டுவந்தவர், அந்த வட்டாரத்துச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தவர். 1991-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியபோது கரிசல் பேச்சுக்கே அது கிடைத்ததாக அந்தப் பக்கத்து மனிதர்கள் நினைத்தார்கள். உங்கள் தாயார் பிறந்து வளர்ந்தது அந்த மண்ணில். கமலை என்ற வார்த்தையில் உங்கள் மகன் தடுக்கினால், அவர் அகராதியைத் தேடப் போவதில்லை. மாடு இரண்டும் சரிவில் இறங்க, வடத்தின் மேல் ஆள் உட்கார்ந்து அழுத்த, கிணற்றிலிருந்து கூனை என்கிற இறைவைச் சால் நிறைந்து மேலே வந்து, அதன் அடியில் கட்டிய தும்பி என்கிற தோல் குழாய் வழியாக வாய்க்காலில் தண்ணீர் விழுவதைச் சிறுமியாக நின்று பார்த்திருப்பார். மின்மோட்டார் வந்த பிறகு பிறந்த உங்களுக்கே அது தெரியாது. அந்தப் புத்தகத்துக்கு இவ்வளவு நல்ல உரையாசிரியரை வீட்டில் வைத்துக்கொண்டு, பையன் செல்பேசியில் சுருக்கம் தேடுகிறான் என்று வருத்தப்படுகிறீர்கள்.

கணக்கும் பார்த்துவிடலாம். நிதானமாக வாய்விட்டு வாசித்தால் ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம், இரண்டரை நிமிடம் ஆகும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெயிலில் யாரும் வாசல்படி தாண்டாத மூன்று மணிக்கு உட்கார்ந்தால், முக்கால் மணி நேரத்தில் 20 பக்கம். 200 பக்கப் புத்தகம் பத்து நாளில் முடிந்துவிடும். மீதியிருக்கும் 30 நாளில் மூன்று புத்தகங்களை ஆச்சியோடு முடிக்கலாம். மற்ற இரண்டையும் அவன் தனியாக வாசித்துவிடுவான். அதற்குள் அவனுக்குப் பழகியிருக்கும்.

நோட்டில் கதைச் சுருக்கம் எழுத வேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள். ஆச்சி எந்த இடத்தில் சிரித்தார், எந்த ஆளைத் திட்டினார், எங்கே ‘அப்படியெல்லாம் நடக்காது’ என்று சண்டைக்கு வந்தார், எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் சொன்னார், இதை எழுதட்டும். எந்தச் செல்பேசியிலும் அது கிடைக்காது. சனிக்கிழமை நூலகத்தில் எல்லாரும் ஒரே சுருக்கத்தை ஒப்பிக்கும்போது, பேசுவதற்கு அவனிடம் மட்டும் விஷயம் இருக்கும். ஒரு வாரம் போய்விட்டு நின்றிருந்தால் மறுபடி போவான்.

இனி, நான் கோபமாக இருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். புரை அறுவையை ஏன் பிளஸ் டூவுக்குப் பின்னால் தள்ளிவைத்தீர்கள்? பொதுத்தேர்வு அடுத்த மார்ச்சில். அதுவரை பத்து மாதம் உங்கள் தாயார் சுவரைத் தடவிக்கொண்டு நடக்க வேண்டுமா? இப்போதெல்லாம் இந்த அறுவைக்கு மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒரு கண்ணைச் செய்து, அது ஆறிய பிறகு அடுத்த கண். பாளையங்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது; அரசு மருத்துவமனையில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸோடு சேர்த்து இந்த அறுவையை இலவசமாகச் செய்கிறார்கள். புரையை முற்ற விட்டால் சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, திரும்ப மீட்க முடியாதபடி பார்வை போய்விடுவதும் உண்டு. இதைப் பிள்ளையின் பரீட்சைக்குப் பின்னால் வரிசையில் நிறுத்துகிற காரியமாக எப்படி நினைத்தீர்கள்?

பிள்ளை படிக்கிறான் என்பதற்காக வீட்டில் யாருக்கும் எதுவும் செய்யாமல் இருக்க அவனுக்கு விலக்குக் கொடுக்கிற பெற்றோர்களை நான் நிறையப் பார்க்கிறேன். தண்ணீர் எடுத்துத் தர வேண்டாம், கடைக்குப் போக வேண்டாம், ஆச்சியிடம் பேச வேண்டாம். எனக்கு இதில் கொஞ்சமும் சம்மதமில்லை. 16 வயதுப் பையன் தன் அப்பாவைப் பெற்றவளுக்கு நாளில் முக்கால் மணி நேரம் கடன்பட்டவன். அது அவன் படிப்புக்கு உதவுகிறதோ இல்லையோ, அவன் கொடுக்க வேண்டியது. ஆர்வம் வந்தால்தான் செய்ய வேண்டும் என்கிற காரியமில்லை அது. இதை மகனிடம் வாய்விட்டுச் சொல்லத் தயங்காதீர்கள். நயமாகச் சொல்லி ஏமாற்றி அழைத்துப் போகவும் வேண்டாம், அவனுக்குப் புரியும்.

ஆனால் முதலில் போக வேண்டியது நீங்கள். இன்று சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்ததும், உங்கள் தாயாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ‘அவனிடம் கேட்காதீர்கள் என்று நான் சொன்னது தப்பு அம்மா’ என்று சொல்லுங்கள். மகன் காதில் விழும்படி சொல்லுங்கள். அதன்பின், மூன்று மணி வாசிப்பு நடக்கும்போது நீங்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது. எத்தனை பக்கம் ஆயிற்று என்று கேட்கவும் கூடாது. இரண்டு பேரும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தால் பேசட்டும்.

அந்த 500 ரூபாயில் அடுத்த வாரமே தாயாரை பஸ்ஸில் இழுத்தடிக்காமல் ஒரு வாடகை வண்டியில் கண் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். போதாவிட்டால் மேலே போட்டுக்கொள்ளுங்கள். மகனையும் கூட ஏற்றிக்கொள்ளுங்கள். அறுவை முடிந்து சில வாரங்களுக்குச் சொட்டு மருந்து விட வேண்டியிருக்கும்; கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, நேரம் தவறாமல் அதை விடுகிற பொறுப்பு அவனுடையது. தலையில் தண்ணீர் விடாமல், கண்ணைக் கசக்காமல் ஆச்சியைப் பார்த்துக்கொள்வதும் அவன் வேலை.

கடிதத்தின் கடைசியில் மகனின் பெயர், வகுப்பு, பத்தாம் வகுப்பில் அவன் வாங்கிய மதிப்பெண் எல்லாவற்றையும் எழுதியிருந்தீர்கள். தாயாரின் பெயர் எங்கும் இல்லை. ஜூனில் பள்ளி திறந்த பிறகு எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். அவர் பெயரையும், கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் தானாக வாசித்த முதல் புத்தகம் எது என்பதையும் அதில் எழுதுங்கள்.