நிலத்தை விற்கும் முன் பாலிசியைப் படியுங்கள்

கேள்வி: என் மனைவிக்கு 57 வயது. சிறுநீர் வெளியேறும் குழாயில் புற்றுநோய். கீமோ, ரேடியேஷன் கொடுத்துவிட்டு, பிறகு சிறுநீர்ப்பையோடு சேர்த்து ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் டாக்டர். அலுவலக குரூப் மெடிக்கல் இன்சூரன்ஸ் பாலிசி 5 லட்சத்துக்கு இருக்கிறது. எஃப்.டி. 8 லட்சம். அடுத்த ஆண்டு ரிட்டயர் ஆகிறேன். ஊர் நிலத்தை விற்றுவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: இப்போது வேண்டாம். அவசரத்தில் விற்கிற நிலத்துக்கு வாங்குகிறவர் சொல்வதுதான் விலை. இந்தச் சிகிச்சைச் செலவு ஒரே நாளில் வருவதும் இல்லை, பல மாதங்களில் பிரிந்து வரும்.

இது மிக அரிய வகைப் புற்றுநோய். குழாயின் வாய்ப்பகுதியில் சிறிதாக இருந்தால் அந்த இடத்தை மட்டும் எடுத்தோ, ரேடியேஷன் கொடுத்தோ முடித்துவிடுவதுண்டு. உள்ளே பரவியிருந்தால்தான் உங்கள் டாக்டர் சொல்லும் பெரிய வழி. அதனால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாடா மெமோரியல் போன்ற இடத்தில் இன்னொரு கருத்துக் கேளுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அடுத்து, பாலிசியில் அறை வாடகை வரம்பைத் தேடுங்கள். பலர் அடிபடுவது இங்கேதான். வரம்பு 5,000 ரூபாய் என்று வையுங்கள். 10,000 ரூபாய் அறை எடுத்தால் வாடகையோடு போகாது. சர்ஜன் கட்டணம், தியேட்டர் கட்டணத்திலும் பாதியை உங்கள் தலையில் கட்டிவிடலாம். ரோபோ ஆபரேஷன், இம்யூனோதெரபிக்கு (உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சிகிச்சை) தனி உச்சவரம்பு இருக்கிறதா என்றும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சிறுநீர்ப்பையை எடுத்தால், பெரும்பாலும் வயிற்றில் திறப்பு வைத்துப் பை மாட்டுவார்கள். அந்தப் பைகளை ஆயுள் முழுக்க வாங்க வேண்டும். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவைப் பாலிசி ஏற்பது குறிப்பிட்ட நாட்களுக்குத்தான், பலவற்றில் 60 அல்லது 90 நாட்கள். ஆக எஃப்.டி.யில் 3 லட்சத்தையாவது இதற்கும் தொடர் ஸ்கேன்களுக்கும் ஒதுக்குங்கள். முழு எஃப்.டி.யையும் உடைக்காமல், தேவைப்படும்போது அதன்மேல் கடன் வாங்கலாம். பி.எஃப். கணக்கிலிருந்து மருத்துவத்துக்கென முன்பணம் எடுக்கவும் வழி உண்டு.

எனக்குப் பெரிய கவலை உங்கள் ரிட்டயர்மென்ட்தான். வேலையோடு குரூப் பாலிசியும் போய்விடும். அப்புறம் புற்றுநோய் வந்தவருக்குப் புதிய பாலிசி கிடைப்பது குதிரைக்கொம்பு. அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்கலாம், ஆனால் நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே ஹெச்.ஆரிடம் இந்த வாரமே பேசுங்கள், கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள். அந்தக் கதவு மூடினால், நிலத்தைப் பற்றி அப்போது நிதானமாக யோசிக்கலாம்.