பிரெஞ்சு அட்டையோடு பக்கத்து நாட்டுக்கு: கேள்வி பதில்

கேள்வி: எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. காரில் ஜேர்மனி போகிறோம். எல்லையில் யாரும் மறிப்பதில்லையே, சாரதி அனுமதிப்பத்திரம் போதாதா அண்ணா?

பதில்: போதாது. செல்லுபடியான அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ கையில் இருக்க வேண்டும், கைக்குழந்தைக்கும் தனியாக. ஜேர்மனி 2024 செப்டெம்பர் 16 முதல் தன் தரை எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனை வைத்திருக்கிறது. ஸ்ட்ராஸ்பூர்க்கில் பாலம் தாண்டும் ட்ராமில்கூடக் கேட்பார்கள்.

கேள்வி: என் அட்டையில் 2022 என்று முடிவுத் திகதி. ஐந்து வருடம் கூட்டிவிட்டார்கள் என்கிறார்களே?

பதில்: உண்மைதான். 2004 முதல் 2013 வரை பெரியவர்களுக்குக் கொடுத்த அட்டைகளுக்குப் பிரான்ஸ் ஐந்து வருடம் கூட்டியது. ஆனால் அட்டையில் பழைய திகதிதானே இருக்கிறது! சில நாடுகள் அதை ஏற்பதில்லை. விமான நிலையத்தில் சட்டம் பேசிக்கொண்டு நிற்காமல் பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள்.

கேள்வி: நான் பிரெஞ்சு, மனைவியிடம் இலங்கைப் பாஸ்போர்ட்டும் பிரெஞ்சு வதிவிட அட்டையும் இருக்கின்றன. இத்தாலியும் டப்ளினும் போகலாமா?

பதில்: இத்தாலிக்கு அந்த இரண்டும் போதும், 180 நாளில் 90 நாள் வரை. டப்ளினில்தான் பலர் மாட்டுப்படுகிறார்கள். அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் ஷெங்கனில், அதாவது பொதுவாக எல்லைச் சோதனை இல்லாமல் போய்வரும் நாடுகளின் கூட்டில், இல்லை, அதனால் மனைவிக்கு ஐரிஷ் விசா வேண்டும். உங்களோடு போகிறார் என்பதால் 2004ஆம் ஆண்டின் சுதந்திர நடமாட்ட விதிப்படி அந்த விசா இலவசம், விரைவாகவும் தர வேண்டும். திருமணச் சான்றிதழைக் கட்டாயம் இணையுங்கள். இன்னொரு ஒன்றிய நாட்டவரின் துணை என்ற முறையில் பிரான்ஸ் கொடுத்த அட்டை என்றால் விசாவே தேவையில்லை. உங்கள் மனைவியுடையது அந்த வகை அல்ல, நீங்கள் பிரெஞ்சுக்காரர் அல்லவா.

கேள்வி: மகன், வயது 12, சித்தியோடு பெல்ஜியம் போகிறான்.

பதில்: அவனுடைய அட்டையோடு, பெற்றோரில் ஒருவர் கையெழுத்திட்ட வெளியேறும் அனுமதிப் படிவமும், கையெழுத்திட்டவரின் அடையாள அட்டைப் பிரதியும் வேண்டும். 2017 ஜனவரியிலிருந்து இது கட்டாயம். சித்தி, மாமா, பள்ளிச் சுற்றுலா, எல்லாவற்றுக்கும்தான்.

கேள்வி: எவ்வளவு நாள் தங்கலாம்?

பதில்: ஒன்றியக் குடிமக்கள் இன்னொரு ஒன்றிய நாட்டில் மூன்று மாதம் வரை, செல்லுபடியான அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ இருந்தால் வேறு எந்த நிபந்தனையும் இல்லாமல்.

கேள்வி: லண்டனுக்கும் இதே அட்டைதானே?

பதில்: அந்தக் காலம் போய்விட்டது. 2021 ஒக்டோபரிலிருந்து பொதுவாகப் பாஸ்போர்ட் வேண்டும். 2025 ஏப்ரல் 2 முதல், புறப்பட முன்னரே மின்னணுப் பயண அனுமதியும் எடுத்திருக்க வேண்டும்.