ஓடும்போது நின்றுபோகும் கார்: இசிஎம் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

கேள்வி: என்னிடம் இருப்பது ஒன்பது வருடப் பழைய பெட்ரோல் கார், கியர் வண்டி. மூன்று மாதமாக, ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் திடீரென ஆஃப் ஆகிவிடுகிறது. ஒரு வாரத்தில் இரண்டு முறை நடக்கும், அப்புறம் இரண்டு வாரம் ஒன்றும் இருக்காது. ஓரங்கட்டி அரை மணி நேரம் காத்திருந்தால், எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக் முதலில் ஸ்பார்க் பிளக் மாற்றினார், பிறகு ஃபியூவல் ஃபில்டர், போன மாதம் ஃபியூவல் பம்ப். வண்டி நிற்பது மட்டும் நிற்கவில்லை. இப்போது "இசிஎம் போயிருக்கும், மாற்றிப் பார்க்கலாம்" என்கிறார். மாற்றலாமா? இதுவரை செலவழித்ததைத் திரும்பக் கேட்க முடியுமா?

பதில்: இசிஎம்மை இப்போதைக்குத் தொட வேண்டாம். பார்த்து மாற்றுவது வேறு, மாற்றிப் பார்ப்பது வேறு. உங்கள் வண்டியில் மூன்று முறை நடந்தது இரண்டாவது. இசிஎம் என்பது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர். பல வண்டிகளில் புதியதை மாட்டினால் சாவியோடும் வண்டியோடும் இணைத்து புரோகிராம் செய்ய வேண்டும். பிரித்து மாட்டிய பிறகு "இது இல்லை போலிருக்கிறது" என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க முடியாது. உண்மையில் அது பழுதாவது மற்ற காரணங்களைவிட அபூர்வம். கடைசியில் சந்தேகப்பட வேண்டியதை நான்காவதாகவே சந்தேகப்பட்டிருக்கிறார்.

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவரிடம் போகும்போதெல்லாம் வண்டி ஒழுங்காக ஓடுகிறது. வண்டி நிற்கும் நேரத்தில் கூடவே இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் துப்பும் உங்களிடம்தான் இருக்கிறது.

அடுத்த முறை நிற்கும்போது முதலில் எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். வண்டி கியரில் இருக்கிறது, கிளட்ச்சை மிதிக்கவில்லை என்றால், எஞ்சின் செத்துப்போனாலும் சக்கரம் அதைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் முள் பொத்தென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், எஞ்சின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை என்று பொருள். எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் அல்லது அதற்குப் போகும் வயரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அப்படி இல்லாமல் வண்டி இரண்டு மூன்று முறை குலுங்கி, இழுவை குறைந்து, முள் வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கினால், பெட்ரோல் போகவில்லை. டாஷ்போர்டு விளக்கு, பாட்டு எல்லாம் ஒரே நொடியில் அணைந்தால் பேட்டரி டெர்மினல், எர்த் வயர், சாவி சுவிட்ச். (சிவப்பு பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் எரிவதை வைத்துப் பயப்பட வேண்டாம், எஞ்சின் நின்றால் அவை எரியத்தான் செய்யும்.) வேகம் குறைத்து நிற்கப்போகும் நேரத்தில் மட்டும் ஆஃப் ஆனால் கதையே வேறு: எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம், எங்காவது காற்று கசியலாம்.

நீங்கள் சொல்வதில் என் காதில் விழுந்தது அந்த அரை மணி நேரம். சூடானால் செத்து, ஆறினால் பிழைப்பது கிராங்க் சென்சாரின் பழைய பழக்கம். உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் சூட்டில் விரிந்து இணைப்பு விட்டுப்போகும், ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். அதற்காக நாளைக்கே அதை வாங்கி மாட்டிவிடாதீர்கள், அதுவும் மாற்றிப் பார்க்கிற கதைதான். வண்டி நின்ற இடத்திலேயே சோதிக்க வழி இருக்கிறது. எஞ்சின் கம்ப்யூட்டரில் இருப்பதைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுழற்றும்போது திரையில் ஆர்.பி.எம். 0 என்றே நின்றால் சிக்னல் வரவில்லை. 200 பக்கம் காட்டினால் சென்சார் வேலை செய்கிறது; பெட்ரோல் பக்கம் போங்கள். சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுப் பக்கம் இரண்டு நொடி 'ம்ம்ம்' என்று பம்ப் முனக வேண்டும். முனகவில்லை என்றால் புதுப் பம்ப்பாக இருந்தாலும் கரண்ட் போகாமல் இருக்கலாம். பம்ப்புக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் ரிலேயையும் கனெக்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு ஒரு முறை பம்ப்பே மாற்றினார்கள். கடைசியில் கிடைத்தது பழுப்பேறி உருகிய ஒற்றைக் கனெக்டர் பின். புதுப் பம்ப்பை அதே கனெக்டரில் மாட்டியிருந்தார்கள்.

பணம் திரும்பக் கேட்பது பற்றி. மாட்டிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்கள், கூலியில் பேசிப் பார்க்கலாம். உங்கள் பில்லில் வேலை என்னவென்று எழுதியிருக்கிறது? "பம்ப் மாற்றியது" என்று இருந்தால், அந்த வேலையை அவர் முடித்துவிட்டார், உங்கள் வாதம் பலவீனம். "ஓடும்போது எஞ்சின் நிற்கிறது, காரணம் கண்டுபிடிக்கவும்" என்று இருந்தால் வேலை முடியவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். இனி வண்டியை விடும்போது வேலையைக் குறிக்கும் ஜாப் கார்டில் நோயை எழுதுங்கள், மருந்தை எழுதாதீர்கள். சோதனைக்குத் தனியாகக் கூலி கேட்டால் மனம் கோணாமல் கொடுங்கள். மூன்று பாகங்களுக்குக் கொடுத்ததைவிட அது குறைவாகத்தான் இருக்கும். எந்தச் சோதனையை வைத்து இந்தப் பாகம் என்று சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். கழற்றியதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதுவரை ஒரு ஜாக்கிரதை. எஞ்சின் நின்றால் ஸ்டீயரிங் கனத்துவிடும், திரும்பும், ஆனால் பலம் வேண்டும். பிரேக்கில் இரண்டு மூன்று மிதிக்கு மட்டுமே உதவி மிச்சம் இருக்கும், அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். ஓடும் வண்டியில் சாவியை உருவவே கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். காரணம் தெரியும்வரை வேகச் சாலைப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

கேள்வி: செக் எஞ்சின் லைட் எரியவே இல்லை. அப்படியிருக்க ஸ்கேனர் வாங்கி என்ன பயன்?

பதில்: லைட் எரியாவிட்டாலும் நிலுவையில் உள்ள பிழைக் குறியீடு உள்ளே பதிந்திருக்கலாம். பி0335 வந்தால் கிராங்க் சென்சார் சர்க்யூட், அதாவது வயரும் சேர்த்து. ஒன்றுமே பதியாமலும் போகலாம். அதனால் குறியீடு மட்டும் படிக்கிற மலிவுச் சாமான் வேண்டாம், ஓடும்போதே எண்களைக் காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும், அதில் செருக வேண்டியதுதான். மெக்கானிக் பார்க்கும் முன் எதையும் அழித்துவிடாதீர்கள். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினாலும் பல வண்டிகளில் அழிந்துவிடும்.